செந்தட்டிச் சீமாட்டியும் கருகிய கேக்கும்

தீவின் வடகரையில் இருக்கிற எங்கள் ஊர் மட்டெலோவில் யூலலி லெஸாமா ஒரு காலத்தில் பாட்டுக்காரியாக இருந்தாள் என்று சொன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அவர்களுக்கு அவள் டான்டி லாலி, அதாவது லாலி அத்தை; பள்ளிச் சமையற்கட்டில் முப்பத்தைந்து வருஷம் கரண்டி பிடித்தவள். தட்டில் பருப்பை மிச்சம் வைத்தவனை எதுகை மோனையோடு திட்டுவாள். வாங்கிக் கட்டிக்கொண்டவன் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முழிப்பான். அந்தத் திட்டுக்கெல்லாம் ஒரு பூர்வகதை உண்டு என்பது பெரியவர்களுக்கே பாதி மறந்துபோயிருந்தது.

கதை கொக்கோத் தோட்டத்தில் ஆரம்பித்தது. காய் உடைக்கிற பெண்கள் வட்டமாக உட்கார்ந்தால் கை வேலை செய்யும், வாய் ஊர்க்கதை பேசும். மேஸ்திரியின் நடை, பாதிரியாரின் தும்மல், யார் வீட்டு ஆடு யார் வீட்டுக் கொல்லையில் மேய்ந்தது, எல்லாம் லாலியின் வாயில் விழுந்தால் பாட்டாகிவிடும். இருபத்து மூன்று வயதில் துணிந்து, கார்னிவல் திருவிழாப் பருவத்துக்குத் தலைநகரமான போர்ட் ஆஃப் ஸ்பெயின் போய், ஊர் விஷயத்தைக் கேலிப் பாட்டாகக் கட்டிப் பாடும் கலிப்ஸோ கூடாரத்தின் மேடையில் ஏறிவிட்டாள். அது ஆண்கள் ஆடிய களம். சொந்தப் பெயரில் அங்கே யாரும் பாடுவதில்லை. பீரங்கி, பிரபு, சக்கரவர்த்தி என்று ஆளாளுக்கு மீசை முறுக்கும் பெயராக வைத்துக்கொண்டிருந்தார்கள். இவள் 'செந்தட்டிச் சீமாட்டி' என்று வைத்துக்கொண்டாள். தொட்டுப் பார், அரிக்கும் என்று அர்த்தம்.

கூடாரத்தில் பாடுகிற பெண்ணுக்கு நற்கருணை அப்பம் கிடையாது என்று பாதிரியார் அந்தப் பருவம் முழுக்க வாயைத் திறக்கவிடாமல் அனுப்பினார். புருஷன் கத்பர்ட் மீன்பிடிக்கிறவன், தங்கமான மனுஷன். "அவ பாடினா என் வலையா கிழியுது?" என்றான். அத்தோடு ஊர் வாய் அடங்கியது.

ஆனால் லாலியின் பாட்டுகள் பிறந்த இடம் கூடாரமல்ல, வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் விட்டாலியா செசேர் வீடு. லாலியைவிட இரண்டு வயது மூத்தவள். ரொட்டி, கேக் என்று மண் அடுப்பிலேயே வாழ்கிறவள். விட்டாலியாவுக்குச் சிரிப்பு சுலபத்தில் வராது. வந்துவிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலியோரத்துக் கொய்யா மரத்தில் போய்ச் சாய்வாள். புதிதாகக் கட்டிய சரணத்தை லாலி அவளுக்குத்தான் முதலில் பாடிக் காட்டுவாள். விட்டாலியா மரத்தில் சாய்ந்தால் சரணம் தேறியது. சாயாவிட்டால் குப்பைக்குப் போகும், இரண்டாம் யோசனையே கிடையாது.

அப்படிப் பாடிக் காட்டாமல் மேடையேறிய பாட்டு ஒன்றே ஒன்று. அதுதான் வினை.

ஐம்பத்தைந்தாம் வருஷம். போலீஸ் கார்ப்பரல் ஒருவனின் கல்யாணத்துக்குக் கறுப்பு கேக் செய்து தருவதாக விட்டாலியா ஒப்புக்கொண்டிருந்தாள். பழங்களை ரம்மிலும் செர்ரி பிராந்தியிலும் ஒரு வருஷமாக ஊறப்போட்டிருந்தாள். கேக் சுடுகிற அன்று பதம் பார்க்க ஒரு கரண்டி வாயில் போட்டாள். பதம் சரிதானா என்று நிச்சயப்படுத்த இன்னொரு கரண்டி. சந்தேகம் தீராமல் நாலைந்து கரண்டி. அப்புறம் அடுப்புப் பக்கத்திலேயே தலையைச் சாய்த்தவள் எழுந்தபோது கேக் கரிக்கட்டை. விட்டாலியா விடுவாளா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதையாக, இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு பூசி, மேலே ரோஜாப்பூ வைத்து அனுப்பிவிட்டாள். கல்யாண வீட்டில் கார்ப்பரல் கத்தியை வைத்தான்; கத்தி வளைந்தது. கடைசியில் கொக்கோ வெட்டுகிற அரிவாளைக் கழுவிக் கொண்டுவந்தார்கள்.

அடுத்த பருவத்தில் செந்தட்டிச் சீமாட்டி கூடாரத்தில் பாடினாள்:

கார்ப்பரல் வந்தான், கத்தி எடுத்தான்,
கத்திதான் வளைஞ்சுது, கேக்கு வளையலை!
ஓ விட்டாலியா, விட்டாலியா,
அடுப்புல வச்சது மாவா, மலையா?

தீவே பாடியது. விட்டாலியா மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். நாலாம் நாள் வேலியோரம் வந்து பச்சை மிளகாய் கேட்டாள். சரி, தணிந்துவிட்டாள் என்று லாலி நிம்மதியானாள்.

அந்தப் பருவம் முடிகிற சமயத்தில், வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஒலிப்பதிவு மெஷினோடு போர்ட் ஆஃப் ஸ்பெயின் வந்திறங்கினார். ஒரு கடையின் மாடியில் லாலியை உட்காரவைத்து ஆறு பாட்டுகளை இசைத்தட்டில் பிடித்தார். கூட வந்து கண்ணாடிப் பாட்டிலை ஸ்பூனால் தட்டித் தாளம் போட்டவன் அவள் ஒன்றுவிட்ட அண்ணன் அன்செல்ம். கேக் பாட்டின் முறை வந்தது. "இது நியூயார்க் போகும், லண்டன் போகும், உலகமே கேட்கும்" என்றார் அவர். லாலிக்குச் சுருக்கென்றது. தீவு சிரித்தது போதாதா, முன்பின் தெரியாத ஜனமெல்லாம் விட்டாலியாவைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமா? பாடுகிறபோதே பெயரை மாற்றிவிட்டாள். விட்டாலியா வரவேண்டிய இடத்திலெல்லாம் ரொசாலியா. அப்படி ஒருத்தி எங்கேயும் கிடையாது. மெட்டுக்குச் சரியாக உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

ஊர் திரும்புகிறபோது விட்டாலியாவுக்கென்று கேக் சுடுகிற தகரம் ஒன்று புதுசாக வாங்கிக்கொண்டாள். சாமான் மூட்டைகளோடு இரண்டு நாள் கழித்து அவள் வந்து சேர்வதற்குள் அன்செல்ம் முதல் பஸ்ஸில் வந்துவிட்டிருந்தான். லாலி தகரத்தை வேலிக்கு மேலே நீட்டினாள். விட்டாலியா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது. பிறகு தகரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினாள். மறுநாள் அந்தத் தகரம் கொய்யா மரத்துக் கிளையிடுக்கில் இருந்தது, கோழி முட்டையிட. அன்றோடு பேச்சு நின்றது.

பருவம் முழுக்க ஊர் சிரித்த சிரிப்பு உள்ளே புகைந்து புகைந்து கடைசியில் பற்றிக்கொண்டது என்று லாலி முடிவு கட்டினாள். தட்டுகள் என்னவாயின என்று யாருக்கும் தெரியாது. பிரதி அனுப்புகிறேன் என்றவரிடமிருந்து கடுதாசிகூட வரவில்லை. இன்னும் இரண்டு பருவம் லாலி பாட்டுக் கட்டிப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் சாய ஆளில்லாதபோது எது தேறியது, எது தேறவில்லை என்று எப்படித் தெரியும்? மூன்றாம் வருஷம் கரண்டியைப் பிடித்தாள்.

பேச்சு நின்றது என்று சொன்னது பாதிதான் நிஜம். எங்கள் பக்கத்தில் சண்டைபோட்ட இரண்டு பெண்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால் வாயில்லா ஜீவனுக்குத்தான் வாய்ப்பு. ஜாடை பேசுவதற்கென்றே நாய் வளர்ப்பவர்கள் உண்டு. லாலி தன் நாயிடம் பேசுவாள், விட்டாலியா தன் கோழியிடம் பேசுவாள். நாற்பத்து மூன்று வருஷத்தில் எத்தனையோ நாய், எத்தனையோ கோழி. நாய்க்கு எப்போதும் ஜட்ஜ் என்று பெயர், கோழிக்கு மதாம்.

"மதாம், சில பேர் துணியை இன்னிக்குக் காயப்போட்டிருக்காங்க. வானம் கறுத்திருக்கிறது கண்ணுக்குத் தெரியலை போல" என்று அந்தப் பக்கம் குரல் எழும்பும். லாலி ஓடிப்போய்த் துணியை எடுப்பாள். கத்பர்ட் செத்த அன்று விட்டாலியா கோழியிடம், "நல்ல மனுஷன் மதாம், அவன் மாதிரி மீனை யாரும் சுத்தம் பண்ணித் தரமாட்டாங்க" என்று சொல்லி அழுதது லாலிக்கு நன்றாகக் கேட்டது. பெற்ற பிள்ளைகள் நியூயார்க் பக்கம் புரூக்ளினுக்குப் பிழைக்கப் போன பிறகு, அந்த ஜாடைப் பேச்சுதான் லாலியின் வீட்டில் ஒலித்த ஒரே மனிதக் குரல். அதுவும் போய்விடுமோ என்று, குரல் எழும்பாத காலையில் வேலியோரம் போய் நின்று பார்ப்பாள்.

தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம், ஒரு திங்கட்கிழமைப் பகலில் லியரி ராம்சரண் வந்தான். ரேடியோ நிலையத்தில் ஞாயிறு பதினோரு மணிக்குப் பழைய பாட்டு போடுகிறவன். நாற்பது வயது, கண்ணாடி, கையில் கேசட் பெட்டி. ஒலிப்பதிவு நடந்த கடைக்காரர் இறந்துபோய், அவர் மகள் தகரப் பெட்டியைக் காலி செய்தபோது படுக்கை விரிப்புகளுக்கு அடியில் ஆறு தட்டுகள் கிடைத்தனவாம். 'செந்தட்டிச் சீமாட்டி, வடகரை' என்று மட்டும் எழுதியிருந்ததாம்.

"மூணு மாசமாத் தேடறேன் டான்டி. போற ஊர்லெல்லாம் ஒருத்தர் 'அது எங்க அத்தை'ன்னு சத்தியம் பண்றாங்க. அப்புறம் பாடச் சொன்னா சளி புடிச்சிருக்குங்கறாங்க."

"நான் பாடணுமா?"

"வேணாம். என்னைப் பார்த்ததும் 'செருப்பைக் கழட்டுடா, இது வீடா, சேத்துக் காடா'ன்னீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

கூடத்தில் உட்கார்ந்து, தட்டுகளிலிருந்து கேசட்டில் எடுத்திருந்ததை ஓடவிட்டான். ஸ்பூன் சத்தம் வந்தது. அன்செல்ம் செத்துப் பதினைந்து வருஷம். அதன்மேல் இருபத்தாறு வயது லாலி எழும்பினாள், பயமில்லாமல், பல்லெல்லாம் இருக்கிற குரலில். லாலி மடியில் போட்டிருந்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். தான் ஒரு பாட்டுக்காரி என்பது தனக்கே கட்டுக்கதையாகிவிட்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தாள்.

நாலாவதாகக் கேக் பாட்டு வந்தது. கார்ப்பரல் வந்தான், கத்தி எடுத்தான். ஓ ரொசாலியா, ரொசாலியா என்று தெருவரைக்கும் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

லாலி பாய்ந்துபோய்ப் பெட்டியை அமுக்கினாள். "நிறுத்து! இந்தப் பாட்டு வேணாம்."

"டான்டி, ஆறுலயும் உசத்தி இதுதான்!"

"அப்ப ஆறும் வேணாம்."

"ஏன்? நாப்பது வருஷம் கழிச்சுக் கிடைச்சிருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை தீவு முழுக்கக் கேட்கும். உங்க ஊர்ப் பிள்ளைங்க உங்களை யாருன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?"

தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. சொல்லிக்கொள்ள முடியாத அளவுக்கு இருந்தது. ஆனால் அந்த ஜன்னலும் இருந்தது. "மழைக்குத் துணியை எடுக்கச் சொல்ல எனக்கு இருக்கிறது ஒரே ஆள்டா தம்பி" என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வெள்ளிக்கிழமைவரை யோசியுங்கள் என்று கடைத் தொலைபேசியில் கூப்பிடத் தன் நம்பரைக் கொடுத்துவிட்டுத் தொங்கிய முகத்தோடு போனான்.

மறுநாள் காலை லாலி வாசலில் உட்கார்ந்து கொக்கோ குடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் கோழிக்குத் தீனி போடும் சத்தம் வழக்கத்தைவிட பலமாக இருந்தது.

"கேட்டியா மதாம்? ரொசாலியாவாம், ரொசாலியா! யாருடி அவ? எந்த ஊர்க்காரி? ஒரு நாளாவது அடுப்பு மூட்டியிருப்பாளா?"

லாலி கோப்பையைக் கீழே வைத்தாள். நாயின் காதைப் பிடித்துத் திருப்பினாள். "ஜட்ஜு, கேளு. ஒரு மனுஷி மனசு நோகக் கூடாதேன்னுதான் பேரை மாத்தினது. வெளிநாட்டுக்காரன் பார்த்துச் சிரிக்க அவ என்ன பொம்மையா?"

"நோகக் கூடாதாமே!" அந்தப் பக்கம் தீனிச் சட்டி தரையில் விழுந்தது. "மதாம், நல்லாக் கேட்டுக்கோ. கேக்கைக் கருக்கினது யாரு? நான். கார்ப்பரல் பொண்டாட்டி முன்னாடி முகம் செத்து நின்னது யாரு? நான். சாங்ரே கிராண்டேலேர்ந்து பஸ் புடிச்சு வந்து 'பாட்டுல வர்ற விட்டாலியா வீடு எது'ன்னு கேட்டாங்களே, யாரைக் கேட்டாங்க? என்னைய! பருவம் பூரா நின்னா பாட்டு, நடந்தா பாட்டு, பட்டதெல்லாம் நான். கடல் தாண்டிப் போறப்ப மட்டும் என் பேரு கசந்துபோச்சா? பேரு எவளோ ஒரு ரொசாலியாவுக்கா?"

லாலி நாயின் காதை விட்டாள். ஜட்ஜ் அவளை அண்ணாந்து பார்த்தது.

குரல் தணிந்தது. "அன்செல்ம் வந்து சொன்னப்ப நான் நம்பலை மதாம். அவளே வந்து சொல்லுவா, ஏதாவது காரணம் இருக்கும்னு காத்திருந்தேன். வந்தா. தகரத்தை நீட்டினா. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலை."

கதவு சாத்திக்கொண்டது. லாலி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அடிப் பாவி, இதற்கா? இதற்கா நாற்பத்து மூன்று வருஷம்? எழுந்துபோய் அந்தக் கிழவியின் தலைமுடியைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. ஆத்திரம் பாதி வழியில் சிரிப்பானது, சிரிப்பு பாதி வழியில் வேறென்னவோ ஆனது. பாட்டில் பெயர் வருவது அவமானம் என்று கூடாரத்தில் ஏறிய தானே நினைத்துவிட்டாள். பெயரை நீக்கியதுதான் அவமானம் என்று அடுப்படியில் இருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. யார் பாட்டுக்காரி? கொக்கோ ஆறி ஆடை கட்டியது.

கடைக்குப் போய்த் தொலைபேசியைப் பிடித்தாள். "லியரி, அஞ்சு பாட்டைத் தட்டுலேர்ந்து போடு. ஆறாவதை நான் நேர்ல வந்து பாடறேன்."

"டான்டி, கோவிச்சுக்காதீங்க... குரல் தாங்குமா?"

"தாங்காதுதான். எனக்குப் பாட வேண்டியது ஒரே ஒரு பேரு. அதுக்குத் தாங்கும்."

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிகிறபோதே வேனில் ஏறினாள். பூசைக்கு உடுத்தும் நீலக் கவுன், தொப்பி. ஒலிபரப்பு அறையில் ஐந்து பாட்டும் ஓடி முடிகிறவரை அசையாமல் இருந்தாள். பிறகு லியரி கை காட்டினான். லாலி மைக்கைக் கோபக்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"இந்தக் கேக்குப் பாட்டைத் தட்டுல ரொசாலியான்னு பாடியிருக்கேன். ரொசாலியான்னு யாரும் கிடையாது. அது நான் பண்ணின தப்பு. கேக்கு மட்டெலோ விட்டாலியா செசேரோடது. என் பாட்டெல்லாம் பாதி அவளோடது. அவ சிரிச்சாத்தான் அது பாட்டு."

பாடினாள். குரல் பாறையில் ஏறுகிற படகு மாதிரித் தட்டுத்தடுமாறியது. இரண்டாம் சரணத்தில் ஒரு வரி மறந்துபோய்ப் பருப்பு மிச்சம் வைத்தவனைத் திட்டுகிற வரி ஒன்றை அங்கே சொருகினாள். ஆனால் விட்டாலியா என்று வருகிற இடமெல்லாம் நெஞ்சைத் திறந்து கத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லியரி மேஜையில் ஸ்பூனைத் தட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பி வர மூன்று மணி நேரம். சாராயக் கடை வாசலில் ஊரே நின்று, "சீமாட்டி! சீமாட்டி!" என்று கூவியது. பிள்ளைகள் வேனைச் சுற்றிக்கொண்டு, "டான்டி, மாவா மலையா!" என்று குதித்தார்கள். வேறொரு நாளாக இருந்திருந்தால் அங்கேயே நின்று இன்னும் நாலு சரணம் பாடியிருப்பாள். இப்போது அவள் கண் மேட்டின்மேல் இருந்த ஒரே ஒரு ஜன்னலைத் தேடியது. அது கேட்டதா? ரேடியோவை விட்டாலியா போட்டாளா? போடாமல் இருந்தால் இத்தனையும் ஊமை கண்ட கனவுதான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். விட்டாலியா வீட்டுக் கொல்லையிலிருந்து கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது.

மதாம் கோபமாகக் கொய்யா மரத்தடியில் நடந்துகொண்டிருந்தது. கிளையிடுக்கில் தகரத்தைக் காணோம். வேலியோரத்தில் விட்டாலியா நின்றுகொண்டிருந்தாள். அவள் கோழியைப் பார்க்கவில்லை.

"லாலி" என்றாள்.

நாற்பத்து மூன்று வருஷம் கழித்து அந்த வாயிலிருந்து தன் பெயர் வந்ததும் லாலி வேலியை ஒட்டி வந்து நின்றாள். "என்ன விட்டா?" என்றாள்.

"நீ பாடப் போறேன்னு கடையில சொன்னாங்க. வந்ததும் குடுக்கலாம்னு கேக்கை அடுப்புல வச்சேன். உன் பேச்சு வந்துச்சு. அப்புறம் என் பேரு வந்துச்சு. அப்படியே ரேடியோ பக்கத்துலயே உக்காந்துட்டேன்." பழைய தகரத்தை வேலிக்கு மேலே நீட்டினாள். உள்ளே கன்னங்கரேலென்று ஒரு கட்டி இருந்தது. "கருகிப்போச்சுடி."

லாலி வாங்கி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். டொக்கென்றது.

"பாடிக்கோ, உன் இஷ்டம்" என்றாள் விட்டாலியா. "பேரை மட்டும் மாத்தினே, கொன்னுடுவேன்."

லாலி தகரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையாலேயே அதில் தாளம் போட்டாள்.

ரேடியோ பாடிச்சு, கேக்கும் கேட்டுச்சு,
ரெண்டாம் தடவையும் கரியாப் போச்சு!
ஓ விட்டாலியா, விட்டாலியா,
என்னைக் கொல்லவா, இல்லே ஊட்டவா?

விட்டாலியா முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் போய்க் கொய்யா மரத்தில் சாய்ந்தாள்.